ஜாஜி பத்ரெ

"நூத்தி ஒன்னரை" என்றாள் மௌரீன் சிஸ்டர்.

டோரதி தராசை முறைத்தாள். ஆள் ஏறி நிற்கிற இரும்புப் பலகை, மார்பு உயரத்தில் பித்தளைக் கோல், கோலின் மேல் நகருகிற ஒரு குண்டு. இதில் எங்கேயோ தூசி அடைத்திருக்க வேண்டும். போன சனிக்கிழமை நூற்று ஐந்து பவுண்டு. அதற்கு முந்தின சனிக்கிழமை நூற்றுப் பத்து. ஒரு மனிதன் என்ன சோப்புக்கட்டியா, வாரத்துக்கு வாரம் கரைவதற்கு?

"நல்லா பாருங்க சிஸ்டர். குண்டு சரியா நிக்கல."

"குண்டு சரியாதான் நிக்குது. உன் ஹஸ்பண்டுதான் நிக்கல. எறக்கு, எறக்கு, விழப்போறான்."

"விழப்போறாருன்னு சொல்லுங்க."

மௌரீன் சிஸ்டர் ஆங்கிலோ இந்தியப் பெண். இருபது வருஷமாகத் தமிழ் பேசியும் மரியாதை விகுதி மட்டும் நாக்கில் ஏறவில்லை. "ஓகே, ஓகே, விழப்போறாரு" என்று சிரித்துக்கொண்டே ஹெர்பர்ட்டின் கையைப் பிடித்தாள். ஹெர்பர்ட் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தானே இறங்கினார். இறங்கியதும் கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார். அந்தக் கோட்டுக்குள் இப்போது இன்னொரு ஹெர்பர்ட் நுழையலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, ஜூலை. பெங்களூர் முழுக்க நசநசவென்று தூறல். பெரிய டாக்டர் ஈரக் குடையை மூலையில் சாய்த்துவிட்டு வந்து அட்டையைப் பார்த்தார்.

"எத்தனை கரண்ட் ஆச்சு?"

"பதினெட்டு டாக்டர். இன்னும் பன்னண்டு" என்றாள் டோரதி.

"கேட்டுக்கம்மா. நூறு பவுண்டுதான் கோடு. அடுத்த சனிக்கிழமை நூறுக்குக் கீழ வந்தா நிறுத்திடுவேன். உடம்பு தாங்காது. ஆனா பாதியில நிறுத்தினா கன்னத்துல இருக்கற கட்டி சும்மா இருக்காது. அதையும் சொல்லிடறேன்."

ஒளித்து மறைக்காமல் சொல்லுகிற டாக்டர். அதற்காகவே டோரதிக்கு அவர்மேல் மதிப்பும் உண்டு, கோபமும் உண்டு.

ஹெர்பர்ட் கண்டோன்மென்ட் தண்டுப் பகுதியில் ஓர் அச்சகத்தில் தலைமை கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து ஜெபப் புத்தகம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அடித்துக் கொடுத்த கை. முப்பது வருஷத்தில் அவர் கோத்த பக்கத்தில் ஒரு பிழை கண்டுபிடித்தவனுக்கு ஒரு ரூபாய் என்று முதலாளியே பந்தயம் கட்டியிருந்தார். அந்த ரூபாய் இன்னும் முதலாளியிடம்தான் இருக்கிறது. நின்றபடியே எழுத்துக் கோக்கிற வேலையில் அவருக்குத் துணை வெற்றிலையும் புகையிலையும். இடது கன்னத்தில் அடக்கிவைத்த புகையிலை, அடக்கிய இடத்திலேயே கட்டியாக முளைத்தது.

கட்டியைச் சுட்டுக் கொல்லத்தான் கரண்ட் வைத்தியம். எக்ஸ்ரே என்பது டாக்டரின் பேச்சு. ஊருக்கு அது கரண்ட்தான். கரண்ட் கட்டியை மட்டுமா சுட்டது? நாக்கு, ஈறு, உள்கன்னம் எல்லாம் கொதிக்கிற பாலைக் குடித்தவர் வாய்போல வெந்து, வெள்ளைவெள்ளையாகத் தோல் உரிந்தது. மூன்று வாரமாக ஹெர்பர்ட் பேசவில்லை. சிலேட்டில் எழுதினார். அதிலும் சந்திப்பிழை வராது.

அவர் உள்ளே போனதும் டோரதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பாகீரதி மாமி இருந்தாள். மாமியின் கணவர் ஸ்ரீகண்டனுக்கும் இதே வாய், இதே கரண்ட். மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்காக நான்கு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். மாமி ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்தால் பாதியில் கன்னடம் வந்து ஏறிக்கொள்ளும்.

"டோரதியம்மா, எங்காத்துக்காரருக்கு இன்னியோட கடைசி. நாளைலேர்ந்து வரமாட்டோம். அது சரி, ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒன்னும் இல்ல மாமி."

"ஒன்னும் இல்லாததுக்கா இப்படி ஒதட்டைக் கடிச்சுண்டு இருக்கேள்? சொல்லுங்கோ."

வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்லுகிற வழக்கம் டோரதிக்குக் கிடையாது. ஆனால் மூன்று வாரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் என்ன மறைப்பது?

"ஒன்னரை பவுண்டுதான் மாமி மிச்சம். அதுவும் போச்சுன்னா நிறுத்திடுவாங்களாம். கஞ்சி குடுத்தா கண்ணுல தண்ணி ஊத்துது. முட்டைய அடிச்சு பால்ல கலந்து குடுத்தேன், ரெண்டு முழுங்கு, அவ்ளோதான். சமைக்கத் தெரியாதவ வூட்டுல கூட மனுஷன் இப்டி இளைக்க மாட்டாரு."

"அடடா, இதை மொதல்லயே சொல்லப்டாதோ! இவரும் அப்படித்தானே இருந்தார். நான் விட்டேனா? ஜாஜி பத்ரெ கஷாயம். ரெண்டு பிடி போட்டுப் பாதியாச் சுண்டக் காய்ச்சி, நன்னா ஆறவெச்சு, வாய் நிறைய வெச்சுண்டு துப்பணும். முழுங்கப்டாது. ஒரு நாளைக்கு ஆறு தடவை. அப்புறம் அதிமதுரப் பொடியைப் பசுநெய்யில கொழைச்சுத் தடவி, கால்மணி கழிச்சுக் கஞ்சி."

நேரமாச்சு, வாங்க என்று வாசலில் ஜட்காக்காரன் கன்னடத்தில் கத்தினான். "பன்னி அம்மா, ஹொத்தாய்த்து!"

"பந்தே, பந்தே!" என்று எழுந்த மாமி திரும்பினாள். "கட்டிக்கு இல்லே, டோரதியம்மா, புண்ணுக்கு மட்டும். கட்டியை டாக்டர் பாத்துப்பார். மறக்காதேங்கோ, ஜாஜி பத்ரெ!"

ஸ்ரீகண்டன் மப்ளரும் தொப்பியுமாக வெளியே வந்தார். மாமி அவரை அணைத்துக்கொண்டு தூறலுக்குள் போய்விட்டாள்.

ஜாதிபத்திரி. டோரதிக்குத் தெரியாததா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் மாவில் ஒரு சிட்டிகை தட்டிப் போடுவாளே. ஜாதிக்காயின் மேல் சிவப்பு வலைபோலச் சுற்றியிருக்கிற தோல். ரெண்டு பிடி என்றதும் கொஞ்சம் திக்கென்றது. பெரிய நோய்க்குப் பெரிய அளவு என்று தேற்றிக்கொண்டாள்.

பிளாக்பள்ளி மார்க்கெட் பக்கத்து மருந்துக்கடைச் செட்டியார் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு புடி ஜாதிபத்திரியா? இன்னாம்மா, யாரு வூட்டு கல்யாண பிரியாணி?"

"மருந்துக்கு."

"யானைக்கா?"

அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் மணி அடித்தபோது வீடு முழுக்கக் கேக் வாசனை. ஹெர்பர்ட் மூக்கை உறிஞ்சி, சிலேட்டில் எழுதினார்: "டிசம்பர் வந்துவிட்டதா?"

"மருந்துங்க. அந்த மாமி சொன்னது. அவங்க வூட்டுக்காரருக்கு இதுலதான் கேட்டுச்சாம். வாய் நெறைய வெச்சுக்குங்க, முழுங்காதீங்க."

அவர் டம்ளரை வாங்கினார். சந்தேகமே படாமல் வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

ஒரு நொடி. இரண்டு நொடி.

கண்கள் பிதுங்கின. டம்ளர் தரையில் உருண்டது. ஹெர்பர்ட் பின்கட்டுக்கு ஓடினார். இத்தனை நாளாகத் தோள் பிடித்து நடந்த மனிதர் ஓடினார். துப்பினார். துப்பியும் நெருப்பு அணையவில்லை. முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து தூறலுக்குக் காட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று வாரமாகக் கேட்காத குரல். இப்படியா அது கேட்க வேண்டும்?

டோரதி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டு பிரிஜெட் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா ஆச்சு அண்ணனுக்கு?"

"மழையில நனையணும்னு ஆசை வந்துச்சாம். நீ உன் வேலையப் பாரு" என்று டோரதி அவரை உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் அழுதாள்.

அன்று முழுதும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. டோரதி அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

"கூட உக்காந்து பேசிகினு, சிரிச்சிகினு, இந்த மாதிரி பண்ணிட்டாங்களே! நாளைக்கு நேராப் போறேன். நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கலன்னா நான் டோரதி இல்ல."

சிலேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஹெர்பர்ட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. கண்ணில் மட்டும் வேலை நேரத்துப் பார்வை.

"அந்த அம்மாள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து சொல்."

"ஜாதிபத்திரின்னாங்க."

அவர் தலையை ஆட்டினார். "நீ சொல்வதை அல்ல. அவர் சொன்னதை."

டோரதி கண்ணை மூடினாள். பெஞ்ச், தூறல், ஜட்கா, மாமியின் மூக்குத்தி. "ஜா... ஜி. ஜாஜி. ஜாஜி பத்ரெ. ஆமா, கடைசியிலயும் கத்தினாங்களே, ஜாஜி பத்ரென்னு. அதுதானே இது?"

ஹெர்பர்ட் எழுதினார்: ஜாதிபத்திரி. அதன் கீழே: ஜாஜி பத்ரெ. "தி"யின் கீழும் "ஜி"யின் கீழும் ஒரு கோடு. "ரி"யின் கீழும் "ரெ"யின் கீழும் ஒரு கோடு. பிறகு பல்பத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிறைய எழுதினார். டோரதி தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள்.

"அந்த அம்மாள் வாயில் பாதி கன்னடம். கன்னடத்தில் பத்ரெ என்றால் இலை, பூசைக்கு வைப்பது. ஜாஜி என்பது பூ. நம் ஜாதிமல்லி. எங்கள் அச்சகத்தில் கன்னட எழுத்துப் பெட்டி என் இடதுகைப் பக்கம். இந்தச் சொற்களை நானே கோத்திருக்கிறேன். அவர் சொன்னது ஜாதிமல்லி இலை. நீ பெட்டியில் பக்கத்து அறையிலிருந்து எழுத்தை எடுத்துவிட்டாய்."

டோரதி வாயைப் பொத்திக்கொண்டாள். "மல்லி எலையா? நான் மசாலாவ காய்ச்சி ஊத்திட்டேனா?"

அவர் துடைத்துவிட்டு எழுதினார்: "ப்ரூஃப் பார்க்காமல் அச்சடித்துவிட்டாய். முதல் பிழை. மன்னிக்கலாம்."

கண்ணில் நீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. ஆனால் மீசை துடித்தது. அது சிரிப்பு என்று டோரதிக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கரண்ட் முடிந்ததும் அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மாமி பேச்சில் சொல்லியிருந்த சாம்ராஜ்பேட்டையில் விசாரித்து விசாரித்து மாமி வீட்டைக் கண்டுபிடித்தாள். நாக்கைப் பிடுங்குகிற நாலு கேள்விகளை வழியிலேயே கொட்டிவிட்டுத்தான் போனாள். விஷயத்தைக் கேட்டதும் பாகீரதி மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அய்யய்யோ தேவரே! ஜாபத்ரெயா? அந்த மசாலா சாமானா? ரெண்டு பிடியா? வெந்த வாயிலயா? ஏன்னா, கேட்டேளா, இங்க வாங்கோளேன்!"

ஸ்ரீகண்டன் உள்ளேயிருந்து வந்தார். கேட்டார். ஒரு கணம் டோரதியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கக் கூடாது என்று மாமி கண்ணைக் காட்டியும் நிற்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்கோம்மா. என்னைப் பாருங்கோ" என்று வெளிச்சத்தில் நின்று வாயைத் திறந்து காட்டினார். உள்ளே அங்கங்கே சிவப்பு இருந்தது. ஆனால் தோல் மூடிவிட்டது. "கார்த்தால தயிர்சாதம் சாப்ட்டேன். இந்தப் பல்லால. உங்காத்துக்காரர்கிட்ட சொல்லுங்கோ, பதினெட்டுதான் கஷ்டம், இருபத்தஞ்சுக்கு மேல நாமதான் ராஜா."

கொல்லையில் கொடி கூரைமேல் ஏறிக் கிடந்தது. சிறிய சிறிய இலைகள், ஒரு காம்புக்கு ஏழு ஒன்பதாக. மாமி முந்தானையில் பறித்துக் குவித்தாள். ஓர் இலையை டோரதியிடம் நீட்டினாள்.

"மென்னு பாருங்கோ."

டோரதி மென்றாள். கசப்பு. அதற்குப் பின்னால் நாக்கை இறுக்குகிற ஒரு துவர்ப்பு. எரிச்சல் துளியும் இல்லை.

"இப்போ என்னன்னு சொல்லுங்கோ?"

"ஜா-ஜி-பத்-ரெ" என்றாள் டோரதி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

"பேஷ். தெனமும் கரண்ட் முடிஞ்சு வாங்கோ. கொடி இங்கேதான் இருக்கும்."

"வாங்கிக்கறேன் மாமி. ஆனா சும்மா வாங்க மாட்டேன். உங்க ரவிக்கையெல்லாம் தோள்ல இழுக்குது, மூணு வாரமா பாத்துகினு இருக்கேன். துணி குடுங்க, நான் தச்சுத் தரேன்."

"அதானே பாத்தேன். நீங்க கடன் வெச்சுக்கற ஜாதியா?" என்று மாமி சிரித்துவிட்டு, இரண்டு ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஹெர்பர்ட் டம்ளரை வாங்கவில்லை. முதலில் டோரதி குடிக்கட்டும் என்று கையைக் காட்டினார். அவள் வாய் நிறைய வைத்துத் துப்பினாள். அப்புறம்தான் அவர் வாங்கினார். வைத்தார். காத்திருந்தார்.

ஹெர்பர்ட் துப்பினார். மறுபடி டம்ளரை நீட்டினார்.

செவ்வாய் ஆறு தடவை. புதன் ஏழு. அதிமதுரப் பொடியை மஸ்லின் துணியில் சலித்து, நெய்யில் குழைத்து, தன் சுட்டுவிரலால் உள்கன்னத்தில் தடவினாள். நெய் உருகி இறங்குகிற கால்மணி நேரத்துக்குள் கஞ்சி தயாராக இருக்க வேண்டும். குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியில் பால், வெண்ணெய், அடித்த முட்டை. மிளகு கிடையாது, உப்பு கிடையாது. ராகிக் கூழைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். புதன்கிழமை அரை டம்ளர் இறங்கியது. வியாழக்கிழமை ஒன்றரை. காலி டம்ளரை மதில்மேல் கவிழ்த்துவைத்தாள், பிரிஜெட் பார்க்கட்டும் என்று.

வியாழக்கிழமைதான் மௌரீன் சிஸ்டர் பாட்டிலைப் பிடித்தாள்.

"வாட் இஸ் திஸ்? பச்சைத் தண்ணி? நாட்டு மருந்தா? கீழ ஊத்து!"

"ஊத்த மாட்டேன்."

"டாக்டர்கிட்ட ரிப்போர்ட் பண்ணுவேன்."

"பண்ணுங்க. நானே சொல்லலாம்னுதான் எடுத்துகினு வந்தேன்."

டாக்டர் வந்தார். பாட்டிலை முகர்ந்தார். ஹெர்பர்ட்டின் தாடையைத் தூக்கி டார்ச் அடித்தார். நெடுநேரம் பார்த்தார். டார்ச்சை அணைத்தார், மறுபடி போட்டார்.

"என்ன இலை?"

டோரதி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் விடாமல் சொன்னாள். டாக்டரின் முகம் இரண்டு தடவை மாறியது.

"சிஸ்டர், பாட்டிலைத் திருப்பிக் குடுங்க. நான் குடுத்த கிளிசரினுக்குக் கேக்காத வாய் இது. ஆனா ஒன்னு தெரிஞ்சுக்கம்மா, இந்த இலை கட்டியைத் தொடாது. இதை நம்பி கரண்ட்டை விட்டுடாதே."

"கரண்ட்டு விடக்கூடாதுன்னுதான் டாக்டர் எலையே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சகத்திலிருந்து யூஜின் வந்தான். ஹெர்பர்ட்டிடம் தொழில் கற்ற கம்பாசிட்டர். கையில் எழுத்துக் கோக்கிற ஸ்டிக், உள்ளங்கை அகல இரும்புச் சட்டம். அதில் நான்கு வரி ஈய எழுத்து நெருக்கமாகக் கோத்துக் கட்டியிருந்தது. "பசங்க எல்லாரும் சேந்து கோத்தோம் சார். சீக்கிரம் வரணும்னு."

ஹெர்பர்ட் விளக்கருகில் சாய்த்துப் பிடித்து, தலைகீழ் எழுத்தை விரலோட்டிப் படித்தார். சிலேட்டை எடுத்தார். "இரண்டு பிழை. யார் கோத்தது?"

"நாந்தான் சார்" என்று யூஜின் தலையைச் சொறிந்தான்.

அவன் போன பிறகு டோரதி அதை அலமாரியில் வைக்கக் கையில் எடுத்தாள். கனத்தது. ரெண்டு பவுண்டு இருக்குமா? இருக்கும். மறுநாள் சனிக்கிழமை. டம்ளர் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிறும் திங்களும் பட்டினி. எலும்புக்கு அது தெரியும், தராசுக்கும் தெரியும். அவள் அலமாரியை மூடினாள். காலையில் கோட்டை மாட்டிவிடும்போது, உள்பையில் ஸ்டிக்கைச் செருகி, மேலே கைக்குட்டையைத் திணித்தாள். ஹெர்பர்ட் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார்.

பலகைமேல் அவர் ஏறினார். சிஸ்டர் குண்டை நகர்த்தினாள். கோல் எழும்பி நடுவில் நின்றது.

"நூத்தி ரெண்டேகால்! வெரி குட், மேன்!" சிஸ்டர் அட்டையில் எழுதினாள். டாக்டரும் வந்து பார்த்துத் தலையாட்டினார். டோரதி விட்ட மூச்சு பெஞ்சு வரை கேட்டிருக்கும்.

ஹெர்பர்ட் இறங்கவில்லை.

கோட்டுக்குள் கையை விட்டார். கைக்குட்டையை எடுத்தார். பிறகு ஸ்டிக்கை எடுத்து மேஜைமேல் டக்கென்று வைத்தார். சிஸ்டர் வாய் திறந்தபடி நின்றாள்.

"இந்த இரும்பை யார் வெச்சது?" என்றார் டாக்டர்.

"நான்தான் டாக்டர். எழுத்தெல்லாம் ஈயம். அவருக்குத் தெரியாது" என்றாள் டோரதி. பொய் சொல்லவும் மனசில்லை, தலையைக் குனியவும் மனசில்லை.

ஹெர்பர்ட் குண்டைச் சுட்டிக் காட்டினார். மறுபடி நிறுங்கள் என்று.

சிஸ்டர் குண்டைப் பின்னால் தள்ளினாள். நூற்று ஒன்று. கோல் கீழே கிடந்தது. நூறே அரை. அசையவில்லை. இன்னும் ஒரு மயிரிழை தள்ளினாள். டோரதி கண்ணை மூடிக்கொண்டாள். பித்தளை பித்தளையில் இடிக்கிற சத்தம் 'டிக்' என்று கேட்டது.

"நூறே கால்" என்றாள் சிஸ்டர், மெதுவாக.

"நான் சொன்ன நூறு பவுண்டு கோட்டுக்கு மேலதான் இருக்கு" என்றார் டாக்டர். "கரண்ட் நடக்கும். உள்ள அனுப்புங்க."

ஹெர்பர்ட் இறங்கினார். உள்ளே போகவில்லை. மேஜையருகே வந்து அட்டையைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். சிலேட்டு டோரதியின் பையில் இருந்தது. அவள் எடுப்பதற்குள் அவர் வாயைத் திறந்தார்.

"நூத்தி ரெண்டேகால்... அடிச்சுட்டு... நூறேகால்னு எழுதுங்க."

குழறலாக, தடித்த குரலில். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. சிஸ்டர் மறுபேச்சில்லாமல் அடித்துவிட்டு எழுதினாள். அவர் குனிந்து பார்த்தார். விரலை மேலே நகர்த்தி அட்டையின் தலைப்பில் வைத்தார்.

"பேர்லயும் ஒரு எழுத்து கொறையுது. அதையும் போடுங்க."

சிஸ்டர் உற்றுப் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது. முதல் நாளிலிருந்து குறைந்தே இருந்திருக்கிறது. காது சிவக்க அந்த ஓர் எழுத்தை இடுக்கில் நுழைத்தாள். டாக்டர் அறையை விட்டு வெளியே போய்ச் சிரித்தார்.

ஹெர்பர்ட் திருத்தத்தைப் படித்தார், சரி என்று தலையசைத்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கரண்ட் அறைக்குள் நடந்தார். யார் தோளையும் பிடிக்காமல்.

பெஞ்சில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்தவளாம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. டோரதி ஈய ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"இப்ப உள்ள போனாரே, அவரு எங்க வூட்டுக்காரரு" என்றாள்.